பதினோராம் வகுப்புப் பெற்றோருக்கு: இந்தப் பருவம் படிக்கும் நாவல் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் நம் பிள்ளைகள் கசுவோ இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே' நாவலைப் படிக்கிறார்கள். "பாதிப் புத்தகம் முடிந்தும் ஒன்றுமே நடக்கவில்லையே, இதை ஏன் எடுத்தீர்கள்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கதை சின்னது. 1956-இல் ஸ்டீவன்ஸ் என்ற வயதான பட்லர், அதாவது ஒரு பெரிய மாளிகையின் தலைமைப் பணியாளர், முதலாளியின் காரில் இங்கிலாந்தின் மேற்குப் பக்கமாகப் போகிறார். வழிநெடுக பழையதை நினைத்துக்கொள்கிறார். ஆனால் அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஊரை ஏமாற்றுகிறவர் இல்லை, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவர். முன்பு ஒருமுறை, அப்போதைய எஜமானர் சொன்னார் என்பதற்காக யூதப் பணிப்பெண்கள் இருவரை வேலையை விட்டு அனுப்புகிறார், அதற்குக் கடமை என்று பெயர் வைக்கிறார்.

ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். 1923, மாளிகையில் பெரிய மாநாடு. மாடியில் ஸ்டீவன்ஸின் அப்பா இறந்துபோகிறார். கீழே மகன் விருந்தினரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். தான் அழுததாக ஸ்டீவன்ஸ் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அழுகிறாயா என்று எஜமானர் கேட்கும்போதுதான் நமக்கே தெரிகிறது. ஸ்டீவன்ஸோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேலைக் களைப்பு என்று சமாளிக்கிறார். முதல் வாசிப்பில் பலர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிட்டார்கள். திரும்பப் படித்த பிறகு ஒரு பாடவேளை முழுக்க ஒரே விவாதம்: இவர் நல்ல மகனா, இல்லையா? பதினாறு வயதில் அப்படி ஒரு விவாதம் நடக்க வேண்டும் என்றுதான் இந்தப் புத்தகத்தை எடுத்தோம்.

இஷிகுரோ 1954-இல் நாகசாகியில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். முதல் நாவல் 1982-இல் வந்தது. 1989-இல் இந்த நாவலுக்கு புக்கர் பரிசு, 2017-இல் நோபல். ஜப்பானிய ஓவியர், ஆங்கிலேய பட்லர், 'கிளாரா அண்ட் த சன்' நாவலில் ஒரு இயந்திரத் தோழி என்று கதைசொல்லிகள் மாறிக்கொண்டே இருந்தாலும், நினைவு எதை மறைக்கிறது என்பதை அவர் விடாமல் தொடர்கிறார்.

1993-இல் வந்த படத்தைப் பார்த்தால் போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல படம்தான். ஆனால் அதில் ஸ்டீவன்ஸை வெளியிலிருந்து பார்க்கிறோம். நாவலில் அவர் மனதுக்குள்ளேயே இருந்துகொண்டு, அவர் மறைப்பதை நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் படம் அப்புறம் இருக்கட்டும், முதலில் புத்தகம். இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கமும் வேண்டாம்.

வீட்டில் "கதையின் நீதி என்ன?" என்று கேட்காதீர்கள். "ஸ்டீவன்ஸ் எதைச் சொல்லாமல் விட்டார்?" என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் சரி, விட்டுவிடுங்கள். இதிலிருந்து தேர்வு எதுவும் கிடையாது. நீங்களும் படிக்க விரும்பினால் பள்ளி நூலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்