சுருங்கியது சரி, கூடியதுதான் சங்கடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சாவு வீட்டுச் சடங்கெல்லாம் சுருங்கிப் போச்சு என்று என் வயதுக்காரர்கள் புலம்புகிறார்கள். எனக்கும் அறுபத்தெட்டு ஆகிறது, சுருங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை.

1983-இல் அப்பா இறந்தபோது பம்பாயில் இருந்த அண்ணனுக்குத் தந்தி அடித்தோம். அவர் வந்து சேர்வதற்குள் மறுநாள் சிதையை ஆற்றும் காடாற்றும் முடிந்துவிட்டது, தனியாகச் சுடுகாட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். போன வருடம் அம்மா போனபோது குளிர்பெட்டி இருந்தது, துபாயிலிருந்து தம்பி வந்து முகம் பார்த்தான். இதைப் போய் எப்படிக் குறை சொல்ல? அப்புறம், ஊர் ஊராகச் சாவு சொல்லப் போனவர், பறையடித்தவர், விடிய விடிய எருமூட்டச் சிதையைக் காத்தவர் எல்லாரும் ஒரே தெருக்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டால் அது நல்லதுதான். பெண்கள் முச்சந்தியோடு திரும்பிவிட வேண்டும் என்பதும் எங்கள் வீட்டில் போயிற்று, தங்கை தகன மேடை வரை வந்தாள்.

சில சடங்கு காரணம் போன பிறகும் நிற்கிறது. விறகும் வறட்டியும் அடுக்கி எரித்த காலத்தில், மறுநாள் பாலும் தண்ணீரும் தெளித்துச் சூடு ஆற்றினால்தான் எலும்பு பொறுக்க முடியும். இப்போது எரிவாயு மேடையில் சாயங்காலமே சாம்பலைப் பானையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எப்போதோ ஆறிப்போன அந்தச் சாம்பலுக்கு மறுநாள் பாக்கெட் பால் வாங்கித் தெளித்தோம். சரி, மனசு கேட்கவில்லை.

ஆனால் இந்தச் சரவெடியும் ஃப்ளெக்ஸும் யார் கேட்டது? கல்யாணச் சாவுக்கு அந்தக் காலத்திலும் வேட்டு உண்டுதான், இப்போது போல ஆஸ்பத்திரி வாசலில் வெடித்ததில்லை. மாலையைப் பிய்த்து ரோடு முழுக்க வீசுகிறார்கள், பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுந்தால் இன்னொரு சாவு.

நான் வேண்டாம் என்று சொல்லியும் தெருப் பையன்கள் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். 'இமயம் சரிந்தது' என்று தலைப்பு. அம்மா தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. கீழே கூலிங் கிளாஸோடு பதினாலு பேர் படம். கட்டினவர்களே பதினாறாம் நாள் கழற்றியாக வேண்டும் என்று ஊராட்சியாவது ஒரு கட்டுப்பாடு வைத்தால் தேவலை. எங்கள் ஊரில் ஆறு மாதம் கழற்ற ஆளில்லை. காற்றில் கிழிந்து விழுந்ததை யாரோ எடுத்துப் போய் ஆட்டுக்கொட்டகைக்கு மேல் போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா முகம் தலைகீழாகத் தெரிகிறது.

ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம்.