படம் வரைந்தது போதும், வேலை கொடுங்கள்

சேலம் மாவட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள் வந்தால் நம் பள்ளிகளில் மரக்கன்று நடுகிறார்கள், பிள்ளைகளைப் படம் வரையச் சொல்கிறார்கள். என் பேத்தியும் பச்சைக் கிரேயான் தீரும்வரை வரைந்தாள். சரி, அன்று நட்ட கன்றுக்கு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது யார்? ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பேச்சில் ஏறாது. தினமும் செய்ய ஒரு சின்ன வேலை கொடுத்தால் தானாகப் பழகிவிடும்.

மதிய உணவு நேரத்தில் குழாயடியைப் போய்ப் பாருங்கள். அத்தனை பிள்ளைகளும் கையும் தட்டும் கழுவுகிற தண்ணீர் பல இடங்களில் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால்தான் நமக்குக் குடிதண்ணீர். அது வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு நிற்கிறவர்கள் நாம். குழாயடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் நாலு வாழை, ஒரு முருங்கை பிழைத்துக்கொள்ளும். வாய்க்காலில் அடைக்கிற சோற்றுப் பருக்கையையும் சருகையும் எடுத்துத் தண்ணீருக்கு வழிவிடுவது ஆறு வயதுப் பிள்ளையின் வேலை. சேற்றில் கைவைக்கலாம் என்றால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சத்துணவு முட்டையின் ஓட்டை நொறுக்கிச் செடியடியில் போடச் சொன்னால் சண்டையே வரும், எனக்கு உனக்கு என்று.

அடுத்தது உடைந்த கண்ணாடி. வீட்டில் டம்ளர் உடைந்தால் அள்ளிக் குப்பைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுகிறோம். காலையில் குப்பை வண்டியோடு வரும் அக்கா அந்த முடிச்சை அவிழ்த்துக் கையாலேயே தரம் பிரிக்கிறார். கையுறை போட்டிருந்தாலும் கண்ணாடி கிழித்துவிடும். பழைய தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். சுற்றுவது பெரியவர்கள், மேலே சிவப்புக் கிரேயானில் 'கண்ணாடி' என்று எழுதுவதும், "அக்கா, பார்த்து எடுங்க" என்று சொல்லிவிடுவதும் பிள்ளை. ணகரமும் டகரமும் பழகிய மாதிரியும் இருக்கும்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா கூட்டிப்போகும்போது இன்னொன்று. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குரங்குகள் சாலையோரம் உட்கார்ந்திருப்பது நாம் வீசுகிற பிஸ்கட்டுக்காகத்தான். காட்டில் பழம் தின்று விதை பரப்ப வேண்டியவை, தார்ச்சாலையில் சக்கரத்துக்கு அடியில் போகின்றன. 'பாவம், பசிக்கும்' என்று பிள்ளை சொல்லும். அது நல்ல மனசு, திட்டாதீர்கள். ஜன்னலைச் சாத்திவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் தாய்க்குரங்குகள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மலை இறங்கும்வரை பொழுதுபோகும்.

இதில் எனக்கு ஒரு பயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வேலை என்றதும் துடைப்பத்தைக் குறிப்பிட்ட சில பிள்ளைகள் கையில் மட்டும் கொடுக்கிற புத்தி நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பெயர்ப் பட்டியல் போட்டு, முறை வைத்து, எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வேலையும் வர வேண்டும். ஆண்பிள்ளையும் தட்டு அடுக்கட்டும். கழிப்பறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல. வகுப்பில் பேசியதற்குத் தண்டனையாகக் குப்பை பொறுக்கச் சொன்னால், குப்பை பொறுக்குவதே கேவலம் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதனால்தான் மேலதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். வாய்க்கால் வெட்ட ஒரு மண்வெட்டியும் ஒரு சனிக்கிழமையும் போதும். எந்த உத்தரவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அப்படியே, கூட்டத்துக்கு டீ வாங்கும்போது எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை. பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பேத்தியின் தாத்தா,
அஸ்தம்பட்டி, சேலம்