கடல் பெரியதுதான் ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் முழுப்பக்கக் கட்டுரை. குழாய், சவ்வு, எத்தனை கோடி ரூபாய், எல்லாம் விலாவாரியாக இருந்தது. கடலுக்கு மட்டும் ஒரே வரி: ‘மிஞ்சும் உப்புநீர் கடலிலேயே விடப்படுவதால் பாதிப்பு இல்லை.’ ரொம்ப நன்றி. எண்ணூர் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் சேர்ந்தபோதும் ஊரில் யாருக்கும் பாதிப்பு தெரியவில்லை, இறால் பிடித்தவர்களைத் தவிர.

தங்களுக்குத் தெரியாததா? சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூர் ஆலை நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்க 23.7 கோடி லிட்டர் கடல்நீரை உறிஞ்சும்படி கட்டியது. மீதி 13 கோடிக்கு மேல் கடலுக்கே திரும்பும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், திரும்புவதில் 60 கிராம் வரும். கனமான தண்ணீர் அடியில்தான் போய்ப் படியும். அடியில் இருப்பது யார்? நண்டு, இறால், நாக்கு மீன். ஆடிக் காற்றில் கடல் கலக்கிவிடும், சரி. பங்குனியில் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்குமே, அப்போது?

என் வீட்டுக்காரர் நண்டு வலை விடுகிறவர். வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது என் வேலை. முன்பெல்லாம் நீலக்கால் நண்டு கொடுக்கால் கவ்விய விரலோடு கூடையைச் சுமந்து சந்தைக்குப் போவேன். இப்போது வலையில் பாதி சிப்பியும் பாசியும்தான். ஆலை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. துறைமுகம் உண்டு, கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவு உண்டு, கரையை மறித்த சொகுசு விடுதிகள் உண்டு. ஆலை பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தால், ‘அம்மா, சுருக்கமாகப் பேசுங்க’ என்றார் ஓர் அதிகாரி. மறுநாள் பத்திரிகையில் ‘மீனவர்கள் சிலர் சலசலப்பு’ என்று வந்தது. மண்டபம் நிறைய இருந்தோம் ஐயா, சிலர் அல்ல.

இன்னொன்று. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போடுகிறார்கள். என் தம்பி அந்த நாட்களில் கொத்தனாருக்குச் சித்தாள். நல்ல சட்டம்தான். ஆனால் முட்டையையும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சையும் தண்ணீரோடு உறிஞ்சும் குழாய்க்கு ஒருநாள் தடை உண்டா? பெரிய மீனைச் சல்லடை தடுக்கும், முட்டையைத் தடுக்காது. எங்கள் மாவட்டத்துப் பேரூரில் நாளைக்கு 40 கோடி லிட்டர் ஆலை வேறு வருகிறது.

பட்டணத்துக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள்தான். எங்கள் குப்பத்துக்கு இன்றும் லாரித் தண்ணீர், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிய ஆலைகள், அதன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில் எங்கோ கிடக்கிறது. கழிவுக் குழாய் வாயில் உப்பு எவ்வளவு என்கிற கணக்கை மட்டும் வாங்கித் தமிழில் போடுங்கள். தங்கம் விலை போடும் மூலையில் இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
மீன் விற்கும் வாசகி ஒருத்தி,
செங்கல்பட்டு மாவட்டம்