ஒன்பது மணிச் செய்தி

அன்புள்ள சிவராமன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டதை, நீங்கள் சொல்லும் முன்பே கடித உறையின் மேலிருந்த உங்கள் கையெழுத்து சொல்லிவிட்டது. நான் இன்னும் ஒரு மாதம் லண்டனில் மகள் வீட்டில்தான் இருப்பேன். வந்த நாள் முதல் பார்க்க நினைத்திருந்த ஓர் இடத்தை நேற்று மாலை பார்த்து வந்தேன். வானொலியில் செய்தி வாசித்தே வாழ்நாளைக் கழித்த நான், அதைப் பற்றி உங்களைத் தவிர வேறு யாருக்கு எழுதுவேன்?

போர்ட்லண்ட் பிளேஸ் தெருவின் முனையில், கப்பலின் முகப்பைப் போல வளைந்து நிற்கிறது பிபிசியின் பிராட்காஸ்டிங் ஹவுஸ். 1932இல் திறக்கப்பட்ட கட்டடம். அதன் எதிரே நின்று, 1940 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமையை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில், செப்டம்பர் 7 முதல் இரவு தவறாமல் ஜெர்மானிய விமானங்களின் குண்டு விழுந்துகொண்டிருந்த நகரம் அது. அன்றும் காலை ஏழு மணிக்குச் செய்தி உண்டு. எட்டு மணிக்கும் உண்டு. எட்டேகாலுக்கு ஐந்து நிமிட நேரம் சமையல் குறிப்பு. வேடிக்கையான நிகழ்ச்சியாகத் தோன்றலாம்; ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் அந்த ஆண்டு சனவரியிலேயே பங்கீட்டுக்கு வந்துவிட்டன, சூலையில் தேயிலையும் சேர்ந்து ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்றாகிவிட்டது. அந்த அளவில் குடும்பம் நடத்திய பெண்களுக்கு அந்த ஐந்து நிமிடம் போர்ச் செய்திக்குக் குறைந்ததாக இருந்திருக்காது. காலை பத்தரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் தொழிற்சாலைகளின் ஒலிபெருக்கிகளில் இடைவிடாத இசை. கையின் வேகத்தை அது குறைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு பாட்டையும் ஆராய்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். மாலையில் குழந்தைகள் நேரம். இரண்டு நாட்களுக்கு முன், அதே நேரத்தில்தான், பதினான்கு வயது இளவரசி எலிசபெத், வீட்டைப் பிரிந்து வாழும் பிள்ளைகளுக்காகத் தம் முதல் வானொலி உரையை நிகழ்த்தியிருந்தார்.

வானிலை அறிக்கை மட்டும் கிடையாது. நாளை வானம் தெளிந்திருக்கும் என்று நேயருக்குச் சொன்னால் பகைவரின் விமானிக்கும் சொன்னதாகிவிடும் அல்லவா?

அதைவிட என்னைக் கவர்ந்தது ஒலிபரப்பிகளை இயக்கிய முறை. ஒரு நிலையத்தின் அலையைப் பிடித்துக்கொண்டே விமானி திசையறிய முடியும் என்பதால், பல ஊர்களின் ஒலிபரப்பிகளை ஒரே அலைநீளத்தில், ஒரே நிகழ்ச்சியோடு ஒத்திசைத்து ஓட்டினார்கள். விமானங்கள் ஓர் ஊரை நெருங்கினால் அந்த ஊர் ஒலிபரப்பியை மட்டும் நிறுத்திவிடுவார்கள். தொலைவிலுள்ள மற்றொன்றின் வழியே அதே குரல் மெலிந்து கேட்டுக்கொண்டிருக்கும். குரல் தேய்ந்தால் விமானம் வருகிறது என்று வீடுகளில் புரிந்துகொண்டார்களாம். கட்டுப்பாட்டு அறையில் இரவெல்லாம் கண்விழித்த நம் பொறியாளர்களை நினைத்துக்கொண்டேன்.

செய்தி வாசிப்பவர் தம் பெயரைச் சொல்வதும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. ‘செய்திகள், வாசிப்பது இன்னார்’ என்பது நமக்கு மூச்சைப் போலப் பழகிய ஒன்று. அங்கோ, அதுவரை பெயரில்லாக் குரல்களே ஒலித்துவந்தன. பிரான்சு வீழ்ந்தபின், பகைவர் நிலையத்தைப் பிடித்துப் பொய்ச் செய்தி வாசித்தால் நேயர் குரலை வைத்துக் கண்டுகொள்ள வேண்டும் என்ற அச்சம் அந்தப் பெயர்களை வெளியே கொண்டுவந்தது.

அந்த அக்டோபர் 15 இரவு எட்டு மணியளவில் ஒரு குண்டு பிராட்காஸ்டிங் ஹவுஸின் ஏழாம் மாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு புகுந்து, வெடிக்காமல் ஐந்தாம் மாடி இசை நூலகத்தில் வந்து கிடந்தது. காலம் தாழ்த்தி வெடிக்கும் வகை. கட்டடத்தின் பெரிய இசையரங்கம் அப்போது ஊழியர்கள் உறங்கும் கூடமாக மாறியிருந்தது. நடுவே போர்வைகளைத் திரையாகத் தொங்கவிட்டு ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமும் படுப்பார்கள். நிலத்தடி ஸ்டுடியோவில் ஒன்பது மணிச் செய்தியை புரூஸ் பெல்ஃபிரேஜ் தொடங்கினார். ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குக் குண்டு வெடித்தது. ஊழியர் எழுவர் இறந்தனர்.

அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. மகள் எனக்குப் போட்டுக் காட்டினாள். வாசிப்பின் நடுவே ஆழத்தில் ‘தொம்’ என்றொரு ஓசை; குரல் நிற்கிறது; அருகிலிருந்த ஒருவர் ‘ஒன்றுமில்லை’ என்று மெல்லச் சொல்வது கேட்கிறது; பிறகு அதே சீரான குரலில் வாசிப்பு தொடர்கிறது. தாளின் மேல் விழுந்த புழுதியை ஊதிவிட்டுத் தொடர்ந்தாராம். நடந்ததை நேயர்களிடம் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. குண்டு எங்கே விழுந்தது என்பதைப் பகைவருக்கு வானொலியே அறிவிக்கக் கூடாது என்ற விதியை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் தோழர்கள் மேலே இடிபாட்டுக்குள் கிடக்க, அடுத்த வரியை வாசித்தாக வேண்டிய நிலையை எண்ணும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. எல்லோரும் பெல்ஃபிரேஜின் நிதானத்தைப் புகழ்கிறார்கள்; புகழத்தான் வேண்டும். நானோ அந்த மெல்லிய குரலைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எட்டு வாரத்துக்குள், டிசம்பர் 8ஆம் நாள், அதே தெருவில் பாராசூட்டில் இறங்கிய கண்ணிவெடி மீண்டும் கட்டடத்தைச் சிதைத்தது. பக்கத்திலுள்ள ஆல் சோல்ஸ் தேவாலயமும் தப்பவில்லை. ஒலிபரப்பு நிற்கவில்லை. நிற்காதது மட்டுமன்று, விரிந்தது. 1941 மே 3 அன்று பிபிசியிலிருந்து தமிழும் ஒலிக்கத் தொடங்கியது. குண்டுகளுக்கு நடுவே நம் மொழிக்கும் நேரம் ஒதுக்கினார்கள் என்பதை அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று நினைத்தபோது மனம் நிறைந்தது.

உங்களுக்கு நினைவிருக்கும்: ஒரு மழைக்கால இரவில் நான் செய்தி வாசித்துக்கொண்டிருக்கையில் ஸ்டுடியோ விளக்குகள் அணைந்தன. மைக் மட்டும் உயிரோடு இருந்தது. நீங்கள் ஓசையின்றி உள்ளே வந்து, என் தோளுக்கு மேலிருந்து டார்ச் வெளிச்சத்தைத் தாளின் மேல் பிடித்தீர்கள். கடைசி வரி வரை உங்கள் கை அசையவில்லை. நேயர் எவருக்கும் அது தெரியாது. அன்று உங்களுக்கு நன்றி சொன்னேனா என்று நேற்று யோசித்துப் பார்த்தேன், சொன்னதாக நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

கண்ணுக்கு மருந்து விடுவதை ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

என்றும் உங்கள்,
வேதமூர்த்தி