வேலியோரம் அடையிருக்கும் வாத்துக்காகத் தெருவாருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும், குடியிருப்போர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் வீட்டுத் தோட்டத்தில் வேலிச்செடிக்கு அடியில் ஒரு காட்டு வாத்து அடையிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வாரச் சங்கக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சு வந்ததாகவும், கூட்டோடு தூக்கிக் குளக்கரையில் வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதாகவும், பலரும் அதை ஆமோதித்ததாகவும் கேள்விப்பட்டேன். அன்று என்னால் வர முடியவில்லை. வந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருப்பேன்: வேண்டாம், அதைத் தொடாதீர்கள்.

சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தண்ணீர்ப் பறவை தண்ணீரோரம்தானே இருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அடையிருக்கும் வாத்துக்குத் தன் கூடு இருக்கும் இடம்தான் கணக்கு. முட்டைகளைக் கொஞ்ச தூரம் தள்ளி வைத்தாலும் பெரும்பாலும் அது தேடிப் போகாது. பழைய இடத்துக்கே வந்து சுற்றும், பிறகு விட்டுவிட்டுப் போய்விடும். முட்டைகள் குளிர்ந்து உள்ளேயே செத்துப்போகும். பல நாடுகளில் காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பது சட்டப்படியும் குற்றம்.

இது மல்லார்ட் இனம். ஆணுக்குத் தலை பச்சையாக மினுங்கும். பெட்டை உடம்பெல்லாம் பழுப்பு, காய்ந்த சருகில் கோடு கிழித்தது போல இருக்கும். ஒருநாள் பூவாளியைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் அது இருப்பதைப் பார்த்தேன். முதலில் தெரிந்தது கண் மட்டும்தான். அது அசையவில்லை, சத்தம் போடவில்லை. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பின்வாங்கிவிட்டேன். குளக்கரையில் திறந்த வெளியில் உட்கார்ந்தால் காகமும் நாயும் கண்டுவிடும் என்பதால்தான் இப்படி அடர்ந்த மறைவைத் தேடி இவை தண்ணீரைவிட்டு வெகுதூரம்கூட வருகின்றன. ஆக, நம் தெருவுக்கு இது வழிதவறி வந்ததல்ல. பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் நான்கைந்து முட்டைகள் தாயில்லாமல் கிடப்பதை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர், அநாதையாகக் கிடக்கிறதே என்று எடுக்கப் போனார். நல்லவேளை, நான் வாசலில் நின்றிருந்தேன். வாத்து நாளுக்கு ஒரு முட்டையாகத்தான் இடும். எல்லாம் இட்டு முடியும்வரை முறையாக அடையில் உட்காராது. இட்டுவிட்டுப் போய்விடும், மறுநாள் வரும். முட்டைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிவதற்குத்தான் இந்த ஏற்பாடு. இப்போது உட்கார்ந்தபின்னும் நாளுக்கு ஓரிரு முறை இரை தேடப் போகிறது. போகும்போது தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிய சாம்பல் நிறத் தூவியை அலகால் இழுத்து முட்டைகள்மேல் போர்த்திவிட்டுத்தான் போகும். குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்துவிட்டு அடுப்படிக்குப் போகிற தாயைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. ஆண் வாத்து துணைக்கு வராது. அடைகாப்பதும் வளர்ப்பதும் இந்த ஒருத்திதான்.

பத்து முட்டைகள். அடையிருக்கத் தொடங்கி இன்று 19 நாள். பொரிய 28 நாள் அளவில் ஆகும். ஓரிரு நாள் முன்பின் இருக்கலாம். பொரிவதற்கு முந்திய நாளே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் குரல் கொடுக்கும், தாய் வெளியிலிருந்து மெல்லப் பதில் சொல்லும். பொரிந்து உடம்பு காய்ந்து ஒரு நாள் ஆவதற்குள் மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு அது தண்ணீருக்கு நடக்கத் தொடங்கிவிடும். இந்த மடலே அந்த ஒரு காலைப் பொழுதுக்காகத்தான்.

போன ஆண்டு நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதே வேலியடியில்தான் கூடு. இதே வாத்துதான் என்று நம்புகிறேன், நன்றாகப் பொரித்த இடத்துக்குப் பெட்டைகள் மறுபடி வருவது உண்டு. ஒன்பது குஞ்சுகள் வரிசையாகத் தெருவில் இறங்கின. முனையில் இருக்கும் மழைநீர் வடிகாலின் கம்பி மூடிமேல் தாய் ஏறி நடந்து போய்விட்டது, அதன் பாதம் அகலம். பின்னால் வந்த குஞ்சுகளுக்குக் கம்பிகளுக்கு இடையே கால் வைக்க இடமில்லை. ஒன்று விழுந்தது, இரண்டாவது விழுந்தது, அதன் பின்னாலேயே இன்னும் இரண்டு. முன்னே போவதைப் பின்தொடர்வது ஒன்றுதான் அவற்றுக்குத் தெரியும். தாய் திரும்பி வந்து மூடிமேல் நின்று கீழே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

இரண்டைத்தான் வெளியே எடுக்க முடிந்தது. ஒன்று தாயோடு சேர்ந்துவிட்டது. நடுங்கிக்கொண்டிருந்த மற்றொன்றை ஒரு சிறுமி ஆசையாக வீட்டுக்கு எடுத்துப்போய் வாளித் தண்ணீரில் நீந்தவிட்டாள். வாத்துக்குஞ்சுதானே, தண்ணீர் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறாள். தாயின் சிறகுக்கடியில் அடிக்கடி போய்ச் சூடேறாத குஞ்சு தண்ணீரில் சீக்கிரம் விறைத்துவிடும். மறுநாள் இரவு அது இறந்துபோனது. அந்தக் குழந்தையை நான் குறை சொல்லவே மாட்டேன். பெரியவர்கள் நாங்கள்தான் சொல்லித் தரவில்லை. பொரிந்த சில மணி நேரத்துக்குள் எதைப் பார்க்கிறதோ அதையே தாயாக நினைத்துப் பின்தொடரும் இந்த இயல்பைச் சாம்பல்வாத்துக் குஞ்சுகளிடம் ஆராய்ந்து விளக்கியவர் கான்ராட் லாரன்ஸ்; விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அந்தப் பிணைப்பில் நாம் குறுக்கே போகாமல் இருந்தாலே போதும்.

சங்கத்தாரிடம் நான் கேட்பது அதிகமில்லை. வேலிச்செடி கத்தரிக்கும் வேலையைக் குஞ்சுகள் போகும்வரை தள்ளிவையுங்கள். முனை வடிகால் மூடியின்மேல் சிறுகண் கம்பிவலையை இப்போதே விரித்துக் கட்டிவிடுங்கள். வலை என்னிடம் இருக்கிறது, மூடியில் கை வைக்க உங்கள் அனுமதிதான் வேண்டும். குஞ்சுகள் போனதும் நானே அவிழ்த்துவிடுகிறேன். நாய் வளர்ப்போர் அந்த நாட்களில் வாரில் பிடித்தே நடத்துங்கள், பூனைகளைக் காலையில் வீட்டுக்குள் வையுங்கள்.

வாத்து தெருவைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்த முன்னும் பின்னும் இருவர் நின்றால் போதும். பக்கத்தில் போய்ப் படமெடுக்கவோ விரட்டி வழிகாட்டவோ வேண்டாம். மிரண்டால் தாய் பறந்துவிடும், குஞ்சுகள் சிதறிவிடும். தோட்டத்தில் செங்குத்துச் சுவரோடு தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு சாய்வுப் பலகையை உள்ளே போட்டு வையுங்கள். இறங்கிய குஞ்சு ஏற வழியில்லாமல் களைத்து மூழ்கிப்போகும். அவை பறக்க 50 முதல் 60 நாள் ஆகும். அதுவரை குளத்தில் ரொட்டி போடாதீர்கள். இந்த வயதில் அவற்றுக்கு வேண்டியது பூச்சியும் புழுவும், அதைத் தாமே பிடித்துத் தின்னும்.

நம் கவனத்தால் பத்தும் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குளத்தில் காகம் உண்டு, பெரிய மீன் உண்டு, குளிரும் மழையும் உண்டு. பாதி தேறினாலே பெரிது. ஆனால் நம் தெரு முனையில், நாம் போட்ட மூடிக்குள் விழுந்து சாவது நம் கணக்கில் சேரும். அதைத் தடுக்க நம்மால் முடியும்.

அடுத்த வாரம் முழுக்க விடியற்காலையிலேயே வாசலில் இருப்பேன். கூட்டிலிருந்து சத்தம் கேட்ட அன்றே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிடுகிறேன். தெருவில் நிற்க வரக்கூடியவர்கள் இரண்டு பேர் இப்போதே பெயர் கொடுத்தால் நிம்மதியாக இருக்கும்.

அன்புடன்,
கடைசி வீட்டிலிருந்து