கார் ஓட்டும் நம் வட்டார மக்களுக்கு லோரிக்காரர்களின் திறந்த மடல்

பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கம் கார் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளையும், ஆலையிலிருந்து எண்ணெய் கொண்டுபோகும் தாங்கி லோரிகளையும் ஓட்டுகிறவர்களும் பழுதுபார்க்கிறவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். அதிகச் சுமை, தேய்ந்த டயர், தூக்கமில்லாத ஓட்டம் ஆகியவை லோரித் தரப்பின் குற்றங்கள். அவற்றைப் பூசி மெழுகவில்லை. முதலாளிகளிடமும் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் அவை பேசப்பட வேண்டும். கார் ஓட்டுகிறவர் கையில் இருப்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

பல விபத்துகளுக்கு வித்திடுவது ஒரே செயல்தான். லோரியை முந்திய கார் சட்டென இடப்பக்கம் நுழைந்து, தோட்டச் சந்தியில் திரும்புவதற்காகப் பிரேக் போடுகிறது. பின்னால் வரும் லோரி 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு வினாடிக்கு 19 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்துக் கால் மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும். பெரிய லோரியில் இருப்பது காற்றுப் பிரேக். மிதித்த பிறகு காற்று குழாய் வழியே பின் சக்கரம் வரை ஓடி அழுத்தம் ஏற இன்னும் சுமார் அரை வினாடி. ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 40 மீட்டர் போய்விடும். பாரத்தோடு 25 டன் எடையுள்ள வண்டி முழுதாக நிற்க, காய்ந்த சாலையிலேயே 80 மீட்டருக்கு மேல் வேண்டும். மழையில் இன்னும் கூடும். ஆகவே லோரியின் இரண்டு முன்விளக்குகளும் உங்கள் நடுக்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகே இடப்பக்கம் வாருங்கள். வந்த பிறகு வேகத்தைக் குறைக்காதீர்கள். சந்தி பக்கத்தில் இருந்தால் முந்தவே வேண்டாம். பின்னாலேயே வந்து திரும்பினால் அரை நிமிடம்தான் தாமதம்.

காலி லோரி சீக்கிரம் நின்றுவிடும் என்று நினைப்பதும் தவறு. பாரமில்லாத பின் சக்கரம் தார்மேல் துள்ளும், சில நேரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பாதி நிரம்பிய தாங்கியில், பிரேக் போட்டதும் உள்ளே எண்ணெய் முன்னால் அலைந்து வண்டியையே தள்ளும்.

முந்துவதற்கு எவ்வளவு சாலை தேவை என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். லோரி 60இல், நீங்கள் 80இல் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் லோரியை, முன்னும் பின்னும் 20 மீட்டர் இடைவெளி விட்டுத் தாண்டப் பத்து வினாடி ஆகும். அதற்குள் நீங்கள் 220 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 80இல் வரும் வண்டியும் அதே தூரம் நெருங்கியிருக்கும். கண்ணெதிரே 450 மீட்டராவது காலியாகத் தெரிய வேண்டும். அது கால்பந்துத் திடல்கள் நாலரைக்குச் சமம். இரட்டை வெள்ளைக் கோடு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். எதிரே வரும் லோரி ஓரம் ஒதுங்கி வழிவிடும் என்றும் நம்பாதீர்கள். நம் கடலோர மண் மிருதுவானது. பாரத்தோடு இடச் சக்கரம் தாரை விட்டு இறங்கினால் வண்டி கால்வாயில் சாய்ந்துவிடும்.

சிக்னலிலும் குழப்பம் உண்டு. முன்னால் போகும் லோரியில் வலது சிக்னல் எரிந்தால் “முந்தாதே” என்றோ “வலப்பக்கம் திரும்புகிறேன்” என்றோ பொருள். இரண்டிலும் பின்னாலேயே இருங்கள். இடது சிக்னலைச் சிலர் “போகலாம்” என்று காட்டப் போடுவார்கள். ஆனால் இடப்பக்கம் திரும்புவதற்கும் அதே சிக்னலைத்தான் போட வேண்டும். அதை மட்டும் நம்பி வெளியே வராதீர்கள்.

இடப்பக்கம் தோட்டச் சாலையில் திரும்பும் நீண்ட லோரி முதலில் வலப்பக்கம் விரியும், ஏனென்றால் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியைப் பார்த்து இடப்பக்கம் நுழைகிற கார் பின் சக்கரத்துக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவில் சிக்கும். ஓட்டுநர் அதைப் பார்க்க மாட்டார். அவர் வலப்பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடக்கதவுக்குக் கீழிருந்து வால் வரை பெரும்பகுதி அவருக்கு மறைவு. முன்கண்ணாடிக்குக் கீழே சில மீட்டர், வாலுக்குப் பின்னால் பத்து மீட்டர் அளவும் அப்படியே. லோரிக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையானால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் ஒட்டி வருவது மிகக் கொடியது. மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளத்தான் காரின் முன்பகுதி நசுங்கும்படி செய்திருக்கிறார்கள். லோரித் தளம் பானெட்டைவிட உயரம் என்பதால் பானெட் அடியில் புகுந்து, அடி நேராக முன்கண்ணாடியில் விழும். பின்னால் தடுப்புக் கம்பி இருந்தும் வளைந்தோ துருப்பிடித்தோ இருந்தால் காப்பாற்றாது. லோரி ஒரு மின்கம்பத்தைத் தாண்டியதிலிருந்து நீங்கள் அதை அடைய நான்கு வினாடியாவது ஆக வேண்டும், மழையில் ஆறு. குலை நழுவி விழுந்தாலும் விலக அந்த இடம் உதவும். இரவில் பின்னால் வரும்போது உயர்விளக்கைத் தாழ்த்துங்கள்.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் பிற்பகலிலிருந்து இருட்டும் வரை லோரிகள் அதிகம். தோட்டச் சந்திகளில் டயரோடு வரும் களிமண், முதல் தூறலில் சோப்புபோல் வழுக்கும். அங்கே முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

கார் பழுதாகி நின்றால் எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். 80 மீட்டரில்தான் நிற்க முடியும் என்கிற வண்டிக்கு அது பயன்படாது. 100 தப்படி பின்னால், சாலை ஓரமாக நடந்துபோய் வையுங்கள். பிள்ளைகளை இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி, காருக்குப் பின்புறம் அல்லாமல் ஒரு பக்கமாக நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 999ஐ அழையுங்கள்.