மனோகரின் கை ஃபிரேமுக்குள் இருக்கட்டும்

புதுச்சேரி, கடலூர் கல்லூரிகளின் திரைப்பட மன்ற நண்பர்களுக்கு,

வணக்கம். சினிமாக்களைக் கலாய்க்கும் விஜய் டிவி நிகழ்ச்சி ‘லொள்ளு சபா’வின் துண்டுகளில் எது முதலிடம், எது பத்தாமிடம் என்று வரிசை போடும் ஆசை உங்களில் பலருக்கு இருக்கிறது. தாராளமாகப் போடுங்கள். போனில் ஓடும் ஷார்ட்ஸை வைத்து மட்டும் போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி பழைய 4:3 (அகலம் 4, உயரம் 3) டிவிக்காக எடுக்கப்பட்டது. உயரத்தை அப்படியே விட்டு 9:16 செங்குத்துக்கு வெட்டினால் அகலத்தில் 42 சதவீதம்தான் மிஞ்சும். போவது வெறும் ஓரம் இல்லை. சந்தானம் கவுன்ட்டர் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் முழிக்கிற முழியில்தான் பாதிச் சிரிப்பு. அதில் நடித்த மனோகருக்கோ வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். சொல்லை இழுத்து இழுத்து அவர் சொல்லும்போது கை தோளிலிருந்து கிளம்பி, காற்றில் வளைந்து, எங்கேயோ போய் நிற்கும். செங்குத்து ஃபிரேமில் அந்தக் கை பாதி வழியிலேயே காணாமல் போய்விடுகிறது. பார்க்கிறவருக்கு யாரோ இழுத்துப் பேசுகிறார் என்பது மட்டும்தான் மிச்சம். அப்புறம் அவர் எப்படி மேலே வருவார்?

அடுத்த கோளாறு வேகம். பதிப்புரிமைச் சோதனையில் சிக்காமலிருக்கச் சிலர் 1.1 மடங்கு ஓட்டி ஏற்றுகிறார்கள். இடவலம் மாற்றியும் போடுகிறார்கள். பலகை எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தால் இடவலம் மாறியதைக் கண்டுபிடித்துவிடலாம். வேகம் அவ்வளவு சுலபத்தில் தெரியாது. 2 விநாடி மௌனம் 1.8 ஆகிவிடும், டைமிங் காமெடியில் அது பெரிய நஷ்டம். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே ஒட்டிய சிரிப்புச் சத்தமோ மீம் இசையோ இருந்தால் அந்தப் பிரதியை எடுக்கவே வேண்டாம்.

அமெரிக்க காமெடி நிகழ்ச்சி ‘சாட்டர்டே நைட் லைவ்’வில் வரும் டிஜிட்டல் ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்களுக்குப் போடும் பட்டியலை நாம் அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஆண்டி சாம்பெர்க், அகிவா ஷாஃபர், யோர்மா டக்கோனி மூவரும் செய்தவை ஷார்ட்டாகவே பிறந்தவை. 2005 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான ‘லேசி சண்டே’ இரண்டரை நிமிடத்துக்குள் ஆரம்பித்து முடிந்துவிடும். நம்முடையது ஒரு சினிமாவையே எடுத்துக் கலாய்க்கிற எபிசோட். மூன்றாவது காட்சியில் போட்ட விதை ஏழாவது காட்சியில்தான் முளைக்கும். அதனால் துண்டை எங்கே தொடங்குவது என்பதுதான் முதல் வேலை. சிரிப்பிலிருந்து பின்னால் போய், அதற்கு விதை போட்ட வசனம் வரை சேர்த்து வெட்டுங்கள். 4 நிமிடத்துக்கு மேல் போனாலும் பரவாயில்லை.

இன்றைய மாணவர்களில் பலர் கலாய்க்கப்பட்ட மூலப் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். மூலக் காட்சியை 30 விநாடி முன்னால் ஓட்டுங்கள். ஓட்டினால் எல்லாத் துண்டுக்கும் ஓட்ட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் ஓட்டினால் அதற்கு மார்க் ஏறிவிடும்.

20 துண்டு, சராசரி 4 நிமிடம் என்றால் 80 நிமிடம். மார்க் எழுத ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம், மூலக் காட்சிகளுக்கு 10, நடுவில் டீக்கு 15. இரண்டு மணி நேரம் தாண்டும் என்பதால், கடலூர் பஸ் பிடிக்க வேண்டியவர்களை மனதில் வைத்து மதியமே ஆரம்பியுங்கள். புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கரை நம்பாதீர்கள். மேலே ஃபேன் ஓடினால் நிகழ்ச்சியில் சாமிநாதன் கத்துவது கேட்கும், பக்கத்திலிருப்பவர் முணுமுணுப்பது கேட்காது. தனி ஸ்பீக்கர் வையுங்கள். கூட்டத்தில் சிரிப்பு தொற்றும். முன் வரிசையில் ஒருவர் உருண்டு சிரித்தால் போதும். ஆகவே பேச ஆரம்பிக்கும் முன்பே மார்க்கை எழுதச் சொல்லுங்கள். இரண்டு அறை கிடைத்தால் ஓர் அறையில் வரிசையைத் தலைகீழாக ஓட்டுங்கள். கடைசியில் வருவதைக் களைத்த கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

இனி ஓட்டுப்போடும் முறை. ஆளுக்கு ஒரே ஓட்டு வேண்டவே வேண்டாம். 30 பேரில் 18 பேருக்கு சந்தானம் பிடிக்கும் என்று வையுங்கள். அவருடைய மூன்று துண்டுகளுக்கு 6, 6, 6 என்று ஓட்டு பிரியும். ‘லொள்ளு சபா’ ஜீவா ரஜினி ஸ்டைலில் வரும் ஒரு துண்டு 12 வாங்கி முதலிடம் போய்விடும், அந்த 18 பேரும் அதைக் கடைசியில் வைத்திருந்தாலும். ஆளுக்குப் பத்து தேர்ந்தெடுத்து 10, 9, 8 என்று 1 வரை மதிப்பெண் போடட்டும். இதிலும் ஓட்டை உண்டு. தன்னுடையதைத் தூக்கிவிட, போட்டித் துண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். முதல் இரண்டை நேருக்கு நேர் நிறுத்தி மறுபடி ஒரு சீட்டு போட்டால் ஓரளவு சரியாகிவிடும். யூடியூப் பார்வை எண்ணிக்கையை யாருக்கும் காட்டாதீர்கள். சந்தானம் பின்னாளில் கதாநாயகன் ஆனவர். அந்தப் புகழுக்கு விழும் மார்க் பழைய துண்டுக்குச் சேரக் கூடாது.

பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொன்றுக்கும் எபிசோட் பெயர், தொடங்கும் நிமிடம், முடியும் நிமிடம் மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏழாமிடம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு துண்டைக் காட்டுவார்கள்.

அன்புடன்,
புதுச்சேரி ‘லொள்ளு சபா’ ரசிகர்கள் சிலர்